நக்கிள்ஸ் மலையும் குளிர்ந்த காலும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லக்கலவுக்குப் போகும் பாதை, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடக்கிறது. நக்கிள்ஸ் என்றால் விரல் மொளி. பொத்திய கையின் மொளிகள் போலச் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேயர் வைத்த பெயர். வழியில், பிட்டவல பத்தன புல்வெளியில் 'மினி வேர்ல்ட்ஸ் எண்ட்' இருக்கிறது. உலகம் அங்கே முடியவில்லை, செங்குத்தான பள்ளம்தான்.

இந்தப் பெயர்களைப் போல, ஆங்கிலத்தில் பல தொடர்களும் சொல்லுக்குச் சொல் பொருள் தருவதில்லை. வாசிக்கும்போது முதலில் நேர்ப்பொருளை வைத்துப் பாருங்கள். மேகம் மலையை விழுங்கியது என்றால் சிக்கலில்லை, நடக்காத காரியம், அதனால் உருவகம்தான்.

நடக்கக்கூடியதுதான் ஏமாற்றும். 'கோல்ட் ஃபீட்', அதாவது குளிர்ந்த கால், என்று வருகிறது என்று வையுங்கள். ரிவர்ஸ்டன் காற்றில் கால் உண்மையாகவே விறைக்கும்! அக்கம்பக்க வாக்கியங்களைப் பாருங்கள். போர்வை, சப்பாத்து, மழை என்றால் குளிர். கல்யாணம், மேடை, நேர்முகத் தேர்வு என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குதல்.

எங்கே அச்சானது என்பதும் முக்கியம். மருந்துப் பெட்டி, வங்கிப் படிவம், எச்சரிக்கைப் பலகை எல்லாம் நேர்ப்பொருளே. ஆனால் கிரிக்கெட் செய்தியில் சிங்கங்கள் கர்ஜித்தால் அது நம் இலங்கை அணி.

அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். 'கோல்ட் ஃபீட்' போன்ற தொடர்கள் பெரும்பாலும் அவற்றிலுள்ள ஒரு சொல்லின் பதிவில் கடைசியில்தான் கிடக்கும். 'நேர்ப்பொருளிலேயே' என்று பொருள்படும் 'லிட்டரலி' என்ற சொல்லையும் அப்படியே நம்பவேண்டாம். இப்போது பலர் அதை வெறும் அழுத்தத்துக்குத்தான் போடுகிறார்கள்.