பிள்ளைக்கு இன்னொரு டீச்சர் வேண்டாம், ஒரு மேனேஜர் போதும்

காலை 9:25. சிட்னியின் கெல்லிவில்லில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு முனையில் உங்கள் லேப்டாப். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. மறுமுனையில் இயர் 4 படிக்கும் மகள். "அம்மா, கூகுள் கிளாஸ்ரூம்ல ஆறு டாஸ்க் போட்டிருக்காங்க. எதை முதல்ல செய்யணும்?" கின்டி படிக்கும் சின்னவன் சீசா (Seesaw) ஆப்பில் ஏற்ற வேண்டிய வீடியோவுக்காக ஒற்றைக் காலில் நின்று காட்டுகிறான். அதற்குள் மேனேஜரிடமிருந்து டீம்ஸில் ஒரு மெசேஜ்.

2021 ஜூலையில், கோவிட் லாக்டவுனில் மூன்றாம் டெர்ம் தொடங்கியபோது சிட்னியில் வீட்டுக்கு வீடு இதுதான் கதை. கின்டர்கார்டன், இயர் 1, இயர் 12 பிள்ளைகள் அக்டோபர் 18 அன்றும், மற்றவர்கள் 25 அன்றும்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். மெல்பர்ன்காரர்கள் இன்னும் அதிகம் பட்டார்கள்: ஆறு லாக்டவுன், மொத்தம் 262 நாள்.

அப்போது பெற்றோர் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்தார்கள். சிலர் நாள் முழுக்கப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆபீஸ் டெட்லைனைக் கோட்டை விட்டார்கள். சிலர் ஆபீஸைக் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளையின் டாஸ்க்கை ராத்திரி தாங்களே முடித்து சப்மிட் பண்ணினார்கள். முதலாமவருக்கு அப்ரைசல் போனது. இரண்டாமவரின் பிள்ளைக்குக் கணக்கு போனது.

லாக்டவுன் முடிந்துவிட்டது. ஆனால் காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டில் கிடக்கும் பிள்ளை, ஆன்லைன் டியூஷன், ஸூம் தமிழ் வகுப்பு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை ஆகியவை இன்னும் இருக்கின்றன. அதனால் இந்த ஸ்கில் இன்றும் தேவை. ஒன்பது படிகள் இதோ.

1. முதலில் உங்கள் ரோல் எது என்று முடிவு செய்யுங்கள்.
ஆஸ்திரேலியாவுக்குத் தொலைதூரக் கல்வி புதிதல்ல. 1951 ஜூனில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவையின் ரேடியோ வழியாக, பாலைவனப் பண்ணைகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. பாடம் சொன்னவர் ரேடியோவின் அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர். பிள்ளையை உட்கார வைத்து, வேலையை முடிக்க வைத்தவர் வீட்டில் இருந்த பெரியவர். உங்களுக்கும் அந்த ரோல்தான். பாடம் நடத்த சம்பளம் வாங்கும் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். நேரம், முன்னுரிமை, தகவல் தொடர்பு ஆகிய மூன்றும் மட்டுமே உங்கள் கையில்.

2. டாஸ்க்கை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள்.
பள்ளி நாள் ஆறு மணி நேரம் என்பதால் வீட்டிலும் ஆறு மணி நேரம் உட்கார வேண்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளி நேரத்தில் வரிசையில் நிற்பது, ரோல் கால், ரிசெஸ், லஞ்ச், அசெம்பிளி எல்லாம் சேர்த்தி. 2020-இல் விக்டோரியா கல்வித்துறை சின்ன வகுப்புகளுக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள்: பிரெப் முதல் கிரேட் 2 வரை, எழுத்தும் வாசிப்பும் 45 முதல் 60 நிமிடம், கணக்கு 30 முதல் 45 நிமிடம், மற்றவற்றுக்கு இன்னொரு 30 முதல் 45 நிமிடம். கூட்டினால் இரண்டரை மணி நேரம் தாண்டாது. டைமர் வையுங்கள். நேரம் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது.

3. மூன்று கூடையாகப் பிரியுங்கள்.
கட்டாயம், முடிந்தால், விட்டுவிடலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு முதல் கூடை. டீச்சர் மதிப்பெண் போடும் அசைன்மென்ட்டும் அதில்தான். டாய்லெட் பேப்பர் உருளையில் ராக்கெட் செய்வது இரண்டாவது கூடை. மூன்றாவது கூடையில் எதையாவது போடும் தைரியம் வேண்டும். ஆபீஸில் எல்லா டிக்கெட்டையும் நீங்கள் குளோஸ் பண்ணுகிறீர்களா என்ன?

4. காலையில் பத்து நிமிட ஸ்டாண்ட்-அப் நடத்துங்கள்.
8:45-க்கு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றபடி. இன்று என்ன செய்யப் போகிறாய், எங்கே சிக்கும் என்று நினைக்கிறாய், அம்மா அப்பா எப்போது வேண்டும்? கேள்வி மூன்றுதான். பதிலைப் பிள்ளையே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் பிளான். பத்தரை மணிக்கே அதை மறந்துவிடுவார்கள்.

5. இரண்டு காலெண்டரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.
உங்களுக்கு முக்கியமான மீட்டிங் உள்ள நேரத்தில் பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய வேலையை வையுங்கள்: மேத்லெட்டிக்ஸ், ரீடிங் எக்ஸ், கலரிங், கதை வாசிப்பு. பெரியவர் துணை வேண்டிய கட்டுரை, புதுக் கணக்கு எல்லாம் உங்கள் இடைவெளியில். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஷிஃப்ட் போடுங்கள்: 11 மணி வரை அம்மா, பிறகு அப்பா. "யார் ஃப்ரீயோ அவங்க பார்த்துக்கலாம்" என்ற ஏற்பாட்டில் கடைசியில் மாட்டிக்கொள்பவர் யார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். எழுத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாதவர் மேனேஜர் ஆக முடியாது. உங்கள் டீமில் ஊரில் இருப்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் சிட்னியில் மதியம் 2 மணி என்றால் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 9:30. பாட்டியோ அம்மம்மாவோ காபி குடித்து முடித்திருப்பார். வாட்ஸ்அப் வீடியோவில் பிள்ளை அரை மணி நேரம் வாசிக்கட்டும், அவர் கேட்கட்டும். ஆங்கிலப் புத்தகம் என்றால் கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாசிப்பு ஒன்று, தமிழ் ஒன்று, உங்களுக்கு ஒரு மீட்டிங் நேரம். ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

6. உதவிக்கு எல்லைக்கோடு போடுங்கள்.
உங்களைக் கூப்பிடும் முன் பிள்ளை மூன்று காரியம் செய்ய வேண்டும். கேள்வியை இன்னொரு முறை படிப்பது. டீச்சரின் வீடியோவை மறுபடி பார்ப்பது. தப்பாக இருந்தாலும் ஒரு விடையை எழுதுவது. அதற்கும் மேல் சிக்கினால் ஸ்டிக்கி நோட்டில் எழுதி உங்கள் லேப்டாப் ஓரத்தில் ஒட்டட்டும். மீட்டிங் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

விடையை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள். தப்பான விடையைப் பார்த்தால்தான் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று டீச்சருக்குத் தெரியும். நீங்கள் திருத்தி அனுப்பினால், அவர் திருத்துவது ஒரு ஐ.டி. ஆர்க்கிடெக்ட்டின் பின்னக் கணக்கை. செலெக்டிவ் டெஸ்ட் ஹாலுக்குள் பெற்றோருக்கு நாற்காலி போடுவதில்லை.

7. டீச்சரிடமும் பாஸிடமும் ஒரே மொழியில் பேசுங்கள்: தரவு, பிறகு திட்டம்.
டீச்சருக்குப் புலம்பல் கடிதம் வேண்டாம். நான்கு வரி போதும்: "கணக்குக்கு 40 நிமிடம் உட்கார்ந்தாள். மூன்றாம் கேள்வி வரை தானே முடித்தாள். பின்னம் கூட்டுவதில் சிக்கினாள். மீதியை விடுகிறோம், வேறு முன்னுரிமை இருந்தால் சொல்லுங்கள்." இப்படி எழுதும் பெற்றோரை டீச்சர் மறக்க மாட்டார். அந்த இம்ப்ரெஷன் அடுத்த பேரன்ட்-டீச்சர் இன்டர்வியூவில் பேசும்.

பாஸிடம் போகும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபேர் வொர்க் சட்டம் 2009-இன் 65-ஆம் பிரிவுப்படி, ஒரே இடத்தில் 12 மாதம் வேலை செய்த, பள்ளி வயதிலோ அதற்குக் கீழோ பிள்ளை உள்ள ஊழியர் நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்கலாம். எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். நிறுவனம் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நியாயமான வணிகக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உடம்புக்கு முடியாத நாளுக்கு, நிரந்தர முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்தோடு கூடிய பெர்சனல், கேரர்ஸ் லீவ் இருக்கிறது.

சட்டம் கையில் இருப்பது உங்கள் தைரியத்துக்கு. பேச்சில் திட்டத்தை முன்னால் வையுங்கள். "வீட்டில் ரொம்பக் கஷ்டம்" என்று தொடங்கினால் அனுதாபம் கிடைக்கும், புரமோஷன் கிடைக்காது. "7 முதல் 9 வரை ரிப்போர்ட் வேலை, 9:30 மீட்டிங்கில் இருப்பேன், 12 முதல் 1 வரை ஆஃப்லைன், 4 மணிக்குள் அப்டேட் அனுப்புவேன்" என்று சொல்லுங்கள். சொன்ன 4 மணி அப்டேட்டை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

8. டியூஷனையும் லோடில் சேருங்கள்.
நம் ஆட்கள் கணக்குப் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஜேம்ஸ் ரூஸ், பால்கம் ஹில்ஸ், கிர்ரவீன் என்ற செலெக்டிவ் பள்ளிகளின் பெயர்கள் நம் வீட்டு விசேஷங்களில் சாம்பாரோடு சேர்ந்து பரிமாறப்படுகின்றன. இயர் 4-இல் ஓசி (ஆப்பர்ச்சூனிட்டி கிளாஸ்) டெஸ்ட், இயர் 6-இல் செலெக்டிவ் டெஸ்ட். ஆசைப்படுவதில் தப்பில்லை, போட்டி இருக்கிறது, ஓடத்தான் வேண்டும். ஆனால் பள்ளி வேலையும் வீட்டில், கோச்சிங்கும் வீட்டில் என்றால் பிள்ளைக்கு இரண்டு முழுநேர வேலை. அந்த வாரங்களில் கோச்சிங் ஷீட்டைப் பாதியாக்குங்கள். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். களைத்த பிள்ளை எழுதும் மாக் டெஸ்ட் எதையும் அளக்காது. நேரம் போதவில்லை என்றதும் நம்மில் பலர் முதலில் நிறுத்துவது தமிழ் வகுப்பை. அது அவசர முடிவு. இயர் 12 எச்.எஸ்.சி.யில் தமிழ் ஒரு பாடம் என்பதை நினைவில் வையுங்கள்.

9. உடம்பையும் வெள்ளிக்கிழமையையும் விடாதீர்கள்.
2021 லாக்டவுனில் ஹில்ஸ் ஷயரில் உள்ள கெல்லிவில்லுக்கு ஒரு விதி, பிளாக்டவுனில் சேர்ந்த கெல்லிவில் ரிட்ஜுக்கு இன்னொரு விதி. ரிட்ஜில் ஆகஸ்ட் 23 முதல் சில வாரம் இரவு ஊரடங்கும், வெளியே உடற்பயிற்சிக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற வரம்பும் இருந்தன. அந்த ஒரு மணி நேரத்தைப் பொக்கிஷமாகப் பார்த்தார்கள். இன்று வரம்பு இல்லை, நாமும் வெளியே போவதில்லை. மதியம் அரை மணி நேரம் பந்தோ சைக்கிளோ கட்டாயம். பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

வெள்ளி மாலை பதினைந்து நிமிடம் ரிவ்யூ. எது தானாக முடிந்தது, எதற்கு உதவி வேண்டியிருந்தது, அடுத்த வாரம் எதை விடலாம்? பேசி முடித்ததும் ஒரு பரிசு: பீட்ஸாவோ படமோ, பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

நல்ல மேனேஜர் ஒரு வாரம் லீவில் போனால் டீம் தடுமாறாது. உங்கள் கேபிஐயும் அதுதான்: டெர்ம் முடியும்போது பிள்ளை உங்களைக் கூப்பிடும் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். நாளைக் காலை 8:45-க்கு ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள். பேனாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, உங்கள் லேப்டாப்பைத் திறங்கள்.