தாத்தா கட்டிய ‘பொன்னியின் செல்வன்’

ஆவடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘கல்கி’ இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து தாத்தா பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’ வீட்டில் இருக்கிறது. முதுகு பிரிந்துவிட்டது. பைண்டிங் கற்றுக்கொண்டு நானே சரிசெய்யலாமா?

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தொகுதியில் இப்போது கை வைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. ஓவியர் மணியத்தின் படங்களும் பக்க ஓரத்து விளம்பரங்களும் இதழில் வந்தபடியே சேர்ந்து கிடைப்பது அரிது. அவசரப்பட்டுக் கடையில் கொடுத்தால், மூன்று பக்கமும் ‘கட்டிங்’ போட்டு ஓரத்தைத் தின்றுவிடுவார்கள்.

வெற்று நோட்டில் தொடங்குங்கள். பொருள் வாங்க மின்சார ரயிலில் வந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குங்கள். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது இங்கேதான். அங்கிருந்து பாரிமுனை ஆண்டர்சன் தெரு பக்கம். தாளும் அட்டைக்கான மில் போர்டும் அங்கே வாங்கலாம்.

ஏ4 கட்டு மட்டும் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். பாதியாக மடித்தால் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடும். பக்கங்கள் விறைத்து நிற்கும், பசை பட்டால் ஓரம் நெளியும். முழுத்தாளாக வாங்கி, இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வாக்கில்தான் மடிப்பு விழ வேண்டும். நான்கு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். மெழுகு தேய்த்த நூலால் மடிப்புக்குள் தைத்து, பாரத்தோடு பாரத்தை முடிச்சிட்டுச் சேருங்கள்.

பசைக்கு மைதா போதும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சுங்கள். பூச்சிக்கு மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம், அதிலுள்ள செம்பு தாளையும் அரிக்கும். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினால் அது தேவைப்படாது. மைதாப் பசையை ஈரம் காட்டிப் பிரிக்கலாம், ஃபெவிக்காலை முடியாது. செலோடேப் வேண்டவே வேண்டாம்.

நாலைந்து நோட்டு திருத்தமாக வந்தபின் தாத்தாவின் தொகுதிக்கு வாருங்கள். அதிலுள்ளவை தனித்தனித் தாள்கள் என்பதால் ஓரத்தில் குத்துத் தையல்தான் போட்டிருப்பார். பழைய துளைகளிலேயே ஊசி போகட்டும். புதிதாக ஒன்றுகூடப் போடாதீர்கள். அட்டை உறுதியாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டுங்கள்.

வீட்டில் 1900க்கு முந்தைய அச்சு நூல் எதுவும் இருந்தால் அதில் பழக வேண்டாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் முதலில் கேளுங்கள்.