பவழத் தீவின் கரை: அரிப்பும் படிவும்

இலட்சத்தீவுகளின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரே. நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்திற்கு மேல் ஓரிரு மீட்டர் உயரமே உடையது. இங்கே கரை பத்தடி பின்வாங்கினால் ஒரு வரிசைத் தென்னை சாய்ந்துவிடும்.

ஆறில்லாத இத்தீவுகளுக்கு மணல் எங்கிருந்து வருகிறது? அது முழுவதும் உயிரினங்கள் தந்தது. அலை உடைத்த பவழத் துண்டுகள், சிப்பி ஓடுகள், சுண்ணாம்புப் பாசிகளின் எச்சங்கள் ஆகியவை தேய்ந்து மணலாகின்றன. கிளிமீன்கள் பவழப் பாறையைக் கொறித்துத் தின்று, அதனை வெண்மணலாகவே கழிக்கின்றன. ஆகவே பவழத்திட்டு அலைகளைத் தடுக்கும் அரண் மட்டுமன்று. மணலின் ஊற்றும் அதுவே. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றுப் பவழங்கள் வெளிறி மடிந்தமை கரைக்கும் கேடாயிற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகள் மேற்கிலுள்ள பவழத்திட்டில் மோதி உடைகின்றன. நீர் ஏற்றத்தின்போது அவற்றுள் ஒரு பகுதி திட்டைக் கடந்து காயலுக்குள் புகுந்து, கரை மணலைப் பெயர்த்துத் தீவின் முனைகளுக்குக் கொண்டு செல்கிறது. பருவம் தணிந்தபின் அம்மணலில் ஒரு பங்கு மீள்கிறது. ஆதலால் ஆகஸ்டில் கண்ட அரிப்பை நிலையான இழப்பென்று கொள்ளலாகாது. ஜனவரியில் கண்ட படிவை ஆதாயமென்றும் கொள்ளலாகாது.

எனினும் மீளாத இழப்பும் உண்டு. பங்காரம் பவழ வளையத்தைச் சேர்ந்த பரளி என்னும் சிறு திட்டுகளுள் ஒன்று 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர் பரப்புடன் இருந்தது. அது முற்றிலும் கரைந்து போனதை 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மக்கள் வாழும் தீவுகளில் நான்கு கால்களுடைய கான்கிரீட் கட்டைகளைக் கரையோரம் அடுக்கியுள்ளனர். இவை தம் பின்னுள்ள நிலத்தைக் காக்கும். ஆனால் அடுக்கு முடியுமிடத்திற்கு அப்பால் அரிப்பு மிகுவதுண்டு. அவ்விடத்தையே முதலில் அளத்தல் நன்று.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அலை எட்டாத இடத்தில் நிலையான அடையாளக்கல் ஒன்று நடுக. சம உயரமுள்ள, சென்டிமீட்டர் குறியிட்ட இரு கோல்களை அங்கிருந்து நீர் நோக்கிச் சம இடைவெளியில் நகர்த்திச் செல்க. கரைப்பக்கக் கோலருகே நின்று, கடற்பக்கக் கோலின் உச்சியைத் தொடுவானத்துடன் ஒரே கோட்டில் காண்க. அப்பார்வைக் கோடு அருகிலுள்ள கோலை எவ்விடத்தில் வெட்டுகிறதோ, அவ்விடம் கோலின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே உள்ளதோ அதுவே நிலத்தின் சரிவு. பள்ளி மாணவர் இருவர் இதனை எளிதில் செய்யலாம். அளவை நீர் வற்றும் வேளையில், மே மாதத்தில் ஒருமுறையும் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறையும் எடுத்து, மே மாத அளவை அடுத்த மே மாத அளவோடு மட்டுமே ஒப்பிடுக.