பட்டி நாய்க்கும் வீட்டு நாய்க்கும் என்ன உணவு?

சென்ற கோடையில் மணப்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம சபை கூடியிருந்தது. குடிநீர்த் தொட்டி, மயானப் பாதை, தெருவிளக்கு ஆகியவை பற்றிய பேச்சுக்கள் முடிந்த பின்னர், நாய்களுக்கு என்ன உணவு இடுவது என்பது குறித்து நாம் சில வார்த்தைகள் சொல்லத் தொடங்கினோம். முன் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, நாய்க்குச் சோறு வைக்கிறதுக்கும் சர்க்கார் பாடம் நடத்தணுமா? மிஞ்சினதைத் தின்னுட்டுக் கிடக்கிற சாதி அது" என்றார். சபையில் பெரும் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம்.

அப்பெரியவர் நாற்பது செம்மறி ஆடுகள் வைத்திருப்பவர். அவர் பட்டியில் ஆடு ஏதேனும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது உண்டா என்று கேட்டோம். "போன வருஷம் ரெண்டு குட்டி அப்படித்தானுங்க ஆச்சு. மேய மாட்டேன்னுருச்சு, அறுத்துட்டோம்" என்றார். தலையை என்ன செய்தீர்கள் என்றோம். "தலைக்குள்ள நீர்க்கட்டியா இருந்துச்சு. யாரு திங்கிறது? நாய்க்குத்தான் போட்டேன்" என்று சொன்னார். அந்த ஒரு விடையில் இக்கட்டுரையின் பாதி அடங்கியிருக்கிறது.

ஆட்டின் மூளையில் காணப்படும் அந்நீர்க்கட்டி ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சுப் பருவமே ஆகும். கட்டியைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அது சில வாரங்களில் முழுப் புழுவாக வளர்கின்றது. பின்னர் புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து புல்லில் ஒட்டுகின்றன. அப்புல்லை மேய்ந்த ஆட்டுக்குட்டியின் வயிற்றில் முட்டை பொரிந்து, இரத்த ஓட்டத்தின் வழியே மூளையை அடைந்து, சில மாதங்களில் மீண்டும் கட்டியாகத் திரள்கின்றது. ஆடு சுற்றத் தொடங்குகின்றது, உடையவர் அறுக்கின்றார், தலை நாய்க்குப் போகின்றது. இந்தச் சக்கரத்தைத் தம் கையாலேயே சுழற்றிவிட்டு, குட்டிகள் போனதற்குக் காலத்தை நொந்துகொள்வோர் நம்மிடையே பலர்.

இதனினும் கொடியது இதற்கு உறவான வேறொரு நாடாப்புழு. அரிசி மணியளவுகூட நீளம் இல்லாத அப்புழு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் வாழக்கூடும். நாய்க்கு அதனால் பெருந் துன்பம் இல்லை. எனவே உடையவருக்கு ஐயமும் எழுவதில்லை. அதன் முட்டைகள் ஆடுமாடுகளை மட்டுமன்றி மனிதரையும் பற்றும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றினுள் முட்டை சென்றால், ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி உண்டாகி, ஆண்டுக்கணக்கில் வலியின்றி மெல்ல வளர்கின்றது. ஹைடாடிட் நோய் என்று மருத்துவர்கள் இதனைக் கூறுவர். குழந்தையாய் இருந்தபோது புகுந்த நோய் நடுத்தர வயதில் வெளிப்படுவதும் உண்டு. பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவையாகின்றது. நாய் இந்நோயைத் தானே உண்டாக்குவதில்லை. நாம் எறியும் பச்சை ஈரலும் நுரையீரலுமே அதற்கு நோயைக் கொடுக்கின்றன.

ஆகவே நாயின் உணவைப் பற்றிய முதல் விதி: ஆடு மாடுகளின் ஈரல், நுரையீரல், குடல், தலை ஆகியவற்றைப் பச்சையாக ஒருபோதும் நாய்க்குப் போடலாகாது. கட்டி தென்பட்ட உறுப்பை ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். நல்லதாகத் தோன்றும் உறுப்பையும் சிறு துண்டுகளாக நறுக்கி, அரைமணி முதல் முக்கால்மணி நேரம் வரை நன்கு கொதிக்க வைத்த பின்னரே இடலாம். வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பது வேகவைத்தல் ஆகாது.

உலகின் வட கோடியிலுள்ள ஐஸ்லாந்து தீவில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்நோய் மிகக் கடுமையாக இருந்தது. அதுவும் நம் பட்டிக்காடுகளைப் போல் ஆடும் நாயும் மனிதரும் ஒன்றாய் வாழ்ந்த நாடு. 1863ஆம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்னும் அறிஞர் அங்குச் சென்று நாய்களை அறுத்து ஆராய்ந்தார். நோயின் காரணத்தை விளக்கி எளிய நடையில் அவர் எழுதிய சிறு நூல் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. எழுத்தறிவு மிகுந்த மக்கள் அதனைப் படித்தார்கள், கழிவுகளைப் புதைத்தார்கள், சட்டமும் துணை வந்தது. நாளடைவில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது. நியூஜிலாந்து நாடு 1959இல் இதற்கெனவே சட்டம் இயற்றி, பச்சைக் கழிவை நாய்க்கு இடுவதைத் தடுத்து, ஆறு வாரத்திற்கு ஒருமுறை நாய்களுக்குப் புழு மருந்து கொடுத்து, 2002ஆம் ஆண்டில் நோய் நீங்கியதாகத் தற்காலிகமாக அறிவிக்கும் நிலையை எய்தியது. பெரிய மருத்துவமனைகளைக் கட்டியதைவிட நாயின் தட்டில் என்ன விழுகிறது என்பதைக் கவனித்ததே அங்கெல்லாம் பயன் தந்தது.

நம் மாவட்டத்தில் கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் புளியமரத்தடியில் ஆடு அறுக்கும் இடம் ஒன்று. சம்பா அறுவடைக்குப் பின் வயல்களில் கிடை போட வரும் மந்தைகள் மற்றொன்று. இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் மந்தையோடு வரும்போது நாய்களும் கூடவே வருகின்றன. வழியில் செத்துப் பிறந்த குட்டியும் நோயில் மாண்ட ஆடும் அந்நாய்களுக்கே உணவாகின்றன. கிடை எருவுக்குக் கூலி பேசும் விவசாயிகள், செத்த ஆட்டைப் புதைக்க வயலோரத்தில் ஓர் இடமும் காட்டிவிடுதல் நலம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆடு அறுக்கும் இடத்தருகே நாலடிக்குக் குறையாத ஆழத்தில் குழி வெட்டுவித்து, கழிவின்மேல் சுண்ணாம்பும் மண்ணும் இடச் செய்து, வாயைப் பலகையால் மூடுவிக்க வேண்டும். வேலி மட்டும் போதும் என்று முதலில் நாமே எண்ணியிருந்தோம். ஒரே இரவில் நாய்கள் வேலியின் அடியில் மண்ணைப் பறித்து உள்ளே புகுந்துவிட்டன. அதன் பின்னரே பலகையின் அருமை விளங்கிற்று.

இனி, எதை இடுவது என்று பார்ப்போம்.

நாய் ஓநாயின் வழி வந்தது. ஆகையால் அதற்கு இறைச்சியே உணவு, சோறு ஆகாது என்று படித்தவர்கள் சிலர் வாதிக்கின்றனர். இது முழு உண்மையன்று. 2013ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, மாவுச்சத்தை ஜீரணிக்கும் நீரை உண்டாக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பன்மடங்காகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கிய பின் அவன் வாசலில் கிடந்து அவன் உணவைப் பகிர்ந்துகொண்டதன் விளைவு அது. எனினும் நாயின் உமிழ்நீரில் அந்த ஜீரண நீர் இல்லை. சிறுகுடலிலேயே அவ்வேலை நடைபெறுகின்றது. நாய் மென்று தின்பதும் இல்லை. ஆதலின் சோறானாலும் கூழானாலும் குழைய வெந்திருத்தல் வேண்டும்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் கிடைக்கும் நொய் இதற்கு மிக ஏற்றது. மணப்பாறை, துறையூர்ப் பகுதிகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது; அரிசியில் அதில் சிறு பங்கும் இல்லை. ஆயினும் தானியம் மட்டும் போதாது. சோற்றையும் குழம்புத் தண்ணீரையுமே தின்று வளரும் நாய்க்கு வயிறு நிறையும், தசை நிறையாது. மயிர் மங்கும், புண் ஆறாது, குட்டிகள் நோஞ்சானாய்ப் பிறக்கும்.

பத்துக் கிலோ எடையுள்ள, ஓடியாடும் நாட்டு நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி அல்லது கம்பைச் சமைத்து, அதனோடு வேகவைத்த கோழித் தசை 100 கிராம், ஒரு முட்டை, ஒரு சிறு கரண்டி எண்ணெய், ஒரு பிடி பூசணி அல்லது கீரை சேர்த்தால் ஏறக்குறையப் போதுமானது. நாள்தோறும் இறைச்சி வாங்குவது எல்லாருக்கும் இயலுவதன்று. கோழிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்தும் ஈரலும் வாங்கி வேகவைத்து, கழுத்தெலும்பை நீக்கிவிட்டு இடலாம். கொள்ளிடத்துச் சிறு மீன்களையும் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம். முட்டையை வேகவைத்தே இட வேண்டும். பச்சை வெள்ளைக்கரு ஒருவகை உயிர்ச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றது. முட்டை ஓட்டை உலர்த்தி மாவாகப் பொடித்து அரைச் சிறுகரண்டி சேர்த்தால் அன்றைய சுண்ணாம்புச் சத்துக் கிடைத்துவிடும். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

ஸ்ரீரங்கத்தில் நிலைமை வேறு. உத்தர வீதியில் வசிக்கும் ஒரு மூதாட்டியார், நான்கு மாதக் குட்டியொன்றின் முன்கால்கள் வளைந்திருப்பதைக் காட்டி நம்மிடம் வருந்தினார். "எங்காத்துல தயிர்சாதம்தான் போடறோம். முட்டை எல்லாம் சேராது. குழந்தைக்குப் போடற மாதிரிதானே போடறேன், ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். தயிர்சாதம் தீங்கானதன்று, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலைவிடத் தயிரே எளிதில் ஜீரணமாகும். ஆனால் அது மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. புரதச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. மேலும் மனிதருக்கு வெயில் பட்டால் தோலில் உண்டாகும் டி வைட்டமின், நாயின் தோலில் போதிய அளவு உண்டாவதில்லை; அதை உணவிலிருந்தே பெற வேண்டும். மீன், ஈரல், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றில் உள்ள அச்சத்து, மாமிசம் புழங்காத வீட்டில் எங்ஙனம் கிடைக்கும்?

அத்தகைய வீட்டார் சோற்றின் அளவைக் குறைத்து, குழைய வெந்த பருப்பும், பால்கட்டியும், கேழ்வரகுக் கூழும் சேர்க்க வேண்டும். அத்துடன் கால்நடை மருத்துவர் குறித்துத் தரும் வைட்டமின் மருந்தையும் அவர் சொன்ன அளவு தவறாமல் கொடுக்க வேண்டும். அளவு மிகுந்தாலும் கேடே. கடையில் விற்கும் தயார் உணவில் குட்டிகளுக்கென்றே முழுச்சத்தும் சேர்த்தவை உண்டு. மாமிசம் சேராதவையும் உண்டு. முதல் ஓராண்டுக்கேனும் அவற்றை வாங்குவது இத்தகைய வீடுகளுக்கு வீண் செலவன்று. மற்றவர்கள், பொட்டல உணவு வாங்க இயலவில்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை. அம்மூதாட்டியாரை உடனே கால்நடை மருந்தகத்துக்கு அனுப்பினோம். சிகிச்சைக்குப் பின் குட்டி நன்றாக ஓடுகிறது. கால்களில் சிறு வளைவு மட்டும் நின்றுவிட்டது.

குட்டிக்கு மூன்று நான்கு வாரத்தில் தாய்ப்பாலோடு மெல்லிய கூழ் பழக்கலாம். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பின்னர் இரு வேளை போதும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் வேட்டை நாய்கள் இயல்பிலேயே மெலிந்த உடலின. அவற்றின் கடைசி விலா எலும்புகள் சிறிது தெரிந்தால் பட்டினி என்று கருதி உணவைத் திணிக்க வேண்டாம். ஏனைய நாய்களுக்கு, கையால் தடவினால் விலா தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியலாகாது.

மிச்சச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுப் பிரியாணியும் குருமாவும் நாய்க்கு விருந்து என்று எண்ணுகிறோம். வெங்காயமும் பூண்டும் பச்சையாயினும் வெந்ததாயினும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. தொடர்ந்து தின்றால் சோகை உண்டாகும். பாயசத்திலுள்ள உலர்ந்த திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். சாக்லேட்டும் நஞ்சாகும். ஊறவைத்து உப்பு நீக்காத கருவாடும் ஊறுகாய்ச் சோறும் வேண்டாம். பூசணம் பிடித்த மாவையும் கடலையையும் "நாய்க்குத்தானே" என்று போடுவது மிகவும் தவறு. அப்பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும்.

தெருநாய்களுக்கு உணவிடுவது பற்றிப் பஞ்சாயத்துகளில் வழக்கு எழுகின்றது. 2023ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வீட்டு வாயில்களுக்கும் அப்பால், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் உணவிட ஏற்பாடு செய்யச் சொல்கின்றன. பள்ளிக்கூடத்துக்கு முன்னும் சத்துணவுக் கூடத்தின் பின்னும் சோறு கொட்டும் வழக்கத்தைத் தலைவர்கள் முதலில் நிறுத்த வேண்டும். ஒரே இடத்தில் உணவுக்குக் கூடப் பழகிய நாய்களைப் பிடித்து வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் எளிது என்பது நாம் கண்ட அனுபவம்.

மணப்பாறைப் பக்கத்துப் பெரியவர் இப்பொழுது தம் நாய்க்குப் புழு மருந்து கொடுத்து வருகிறார். மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாள் அதனைக் கட்டிவைத்து மலத்தைப் புதைக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் கூறியதையும் செய்கிறார். குழிக்குப் பலகை அடித்தவரும் அவரே. சென்ற மாதம் நாம் அவ்வழியே சென்றபோது, "குட்டி ஒண்ணும் சுத்தலீங்க. ஆனா கட்டிப்போட்ட மூணு ராவும் நாய் ஊளையிட்டே கொன்னுருச்சு" என்றார்.