சிறிய பள்ளி மாவட்டங்களைப் பற்றிய சில நம்பிக்கைகள்

உத்தியோக நிமித்தமாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்கிறவர்களும், அங்கேயே ஒரு மாநிலத்தை விட்டு மற்றொரு மாநிலத்துக்குப் போகிறவர்களும், வீட்டின் அறைகளை எண்ணுவதற்கு முன்பே அது எந்தப் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது என்று விசாரிப்பது வழக்கம். நியாயமான விசாரணைதான். அந்நாட்டின் பெரும்பாலான இடங்களில் அரசுப் பள்ளிகளை நடத்துவது மத்திய சர்க்காருமன்று, நகரசபையுமன்று. தனக்கென்று ஓர் எல்லையும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியமும், பல மாநிலங்களில் சொத்து வரி வசூலிக்கும் உரிமையும் பெற்ற தனி ஸ்தாபனமே பள்ளி மாவட்டம். நாடு முழுவதும் இத்தகைய மாவட்டங்கள் ஏறக்குறைய 13,000 உண்டு. ஹவாய் மாநிலம் முழுமைக்கும் ஒன்றுதான், மேரிலாந்தில் 24, பரப்பில் அதனினும் சிறிய நியூ ஜெர்ஸியிலோ 500-க்கும் மேல். சில நூறு குழந்தைகளே படிக்கும் சிறு மாவட்டங்கள் இவற்றில் ஏராளம். அவற்றைப் பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களை ஆராயாமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற குடும்பங்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

முதல் நம்பிக்கை, வீட்டு விளம்பரத்தின் பக்கத்தில் பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து என்று போட்டிருக்கும் மதிப்பெண்ணே போதனையின் தரத்தைக் காட்டுகிறது என்பது. அந்த எண்ணின் பெரும்பகுதி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் நடைபெறும் மாநிலத் தேர்வுகளிலிருந்து பிறப்பது. அத்தேர்வுகளின் சராசரியோ, ஆசிரியர் என்ன கற்பித்தார் என்பதைவிட, குழந்தை எத்தகைய வீட்டிலிருந்து வந்தது என்பதையே அதிகமாகப் பிரதிபலிக்கும் என்பதை 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையிலிருந்து தொடர்ந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துரைத்து வருகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷான் ரியர்டன், சராசரியில் தாழ்ந்ததென்று பலரும் ஒதுக்கும் சிகாகோ நகர மாவட்டத்தின் குழந்தைகள், மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட ஐந்து வருஷ காலத்தில் ஆறு வருஷத்துக்குரிய அபிவிருத்தி அடைந்ததாக 2017-இல் காட்டினார். சிறு மாவட்டத்தில் இந்த எண் இன்னும் நிலையற்றது. ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதினால், இரண்டு குழந்தைகள் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தாலும் சராசரி சரிந்துவிடும். ஆகவே ஒரு வருஷத்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு, 2015-ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் வெளியிடவேண்டிய பள்ளி அறிக்கையைப் பல வருஷங்களுக்கு எடுத்துப் படிப்பதே உசிதம். குழந்தைக்கு ஆகும் செலவும் அதிலேயே காணக்கிடைக்கும்.

சிறிய மாவட்டம் என்றால் சிறிய வகுப்பு என்பது அடுத்த நம்பிக்கை. ஆசிரியர் ஒருவருக்கு இத்தனை மாணவர் என்று சொல்லப்படும் விகிதத்தில், வகுப்பே நடத்தாத வாசிப்புப் பயிற்சியாளரும், நாலைந்து குழந்தைகளை மட்டும் கவனிக்கும் சிறப்பாசிரியரும் சேர்த்தே எண்ணப்படுவதால், பன்னிரண்டு என்று அச்சிட்டிருந்தாலும் வகுப்பறையில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருக்கக்கூடும். டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த சோதனையில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் பயின்ற சிறு குழந்தைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பினரைவிட நன்றாகக் கற்றது உண்மை. அந்தப் பயன் வகுப்பறையின் எண்ணிக்கையால் வந்ததே தவிர விகிதத்தால் வந்ததன்று. நம் குழந்தை சேரப்போகும் வகுப்பில் இவ்வருஷம் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். நாலாம் வகுப்புக்கு ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில், அவரோடு குழந்தைக்கு ஒத்துப்போகாவிட்டால் மாற்றிக்கொள்ள வேறு வகுப்பில்லை. எனினும், தலைமையாசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியதும், வாத்தியக் குழுவிலும் விளையாட்டிலும் விரும்பிய எல்லோருக்கும் இடமிருப்பதும் சிறு பள்ளியின் மெய்யான பாக்கியம் என்றே நான் கருதுகிறேன்.

என் மனத்தை மிகவும் வருத்துவது வேறொன்று. பேச்சிலோ படிப்பிலோ விசேஷ உதவி தேவைப்படும் குழந்தையைப் பெற்றவர்கள், சிறு மாவட்டத்தில் அதற்கு வழியிராது என்று தாமே தீர்மானித்துக்கொண்டு, சேர்க்கையின்போது அதைச் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள். 1975-இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம், மாவட்டம் எவ்வளவு சிறியதாயினும், தக்க கல்வியை இலவசமாக அளிக்கும் கடமையை அதன்மேல் சுமத்துகிறது. ஒரு மாநிலத்தில் எழுதிய தனிக் கல்வித் திட்டத்தோடு வேறு மாநிலம் வரும் குழந்தைக்கு, புதிய மாவட்டம் தன் பரிசீலனையை முடித்துப் புதிய திட்டம் வகுக்கும் வரையில், பெற்றோரோடு கலந்து, பழையதற்கு ஒப்பான உதவியைத் தந்தே ஆகவேண்டும். நம் நாட்டிலிருந்து நேராகச் செல்வோர், பரிசோதனை வேண்டுமென்று எழுத்து மூலம் கேட்கலாம். ஆங்கிலம் அறியாத குழந்தைக்கு உதவி மறுக்கலாகாது என்பதையும், சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இல் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. சிறு மாவட்டங்கள் ஒன்றுசேர்ந்து இத்தகைய சேவைகளைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு; நியூயார்க் மாநிலம் அதற்கென்றே 1948-இல் கூட்டுறவு வாரியங்களை ஏற்படுத்தியது. ஆனால் பகிர்ந்துகொள்ளும் சேவை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரலாம், அல்லது குழந்தையே அடுத்த ஊருக்குப் பஸ்ஸில் போக நேரலாம். யார், எங்கே, எத்தனை நாள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலாசத்திலுள்ள ஊர்ப் பெயரே மாவட்டத்தின் பெயரென்று நம்புவதும் தவறு. கலிஃபோர்னியாவில் கூப்பர்டினோ யூனியன் மாவட்டம் சான் ஹோஸே, சன்னிவேல் ஆகிய நகரங்களின் சில பகுதிகளிலும் பரவியிருக்கிறது; ஃபிரீமாண்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டமோ ஃபிரீமாண்ட் நகரத்தைச் சேர்ந்ததே அன்று. கதவு எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்பதுதான் வழி. வாடகைக்குக் குடியிருப்போரின் குழந்தைக்கும் சொந்த வீட்டாரின் குழந்தைக்கும் உரிமை ஒன்றே.

கடைசியாக, இன்றுள்ள மாவட்டம் குழந்தை படித்து முடிக்கும் வரை இப்படியே இருக்கும் என்ற எண்ணம். 1940-ஐ ஒட்டி 1,17,000-க்கு மேலிருந்த மாவட்டங்கள் இணைந்து இணைந்தே இன்றைய தொகைக்கு வந்தன. மாணவர் தொகை இரண்டு வருஷம் தொடர்ந்து 350-க்குக் குறைந்தால் மாவட்டம் இன்னொன்றோடு சேரவேண்டும் என்று அர்க்கன்ஸா மாநிலம் 2004-இல் சட்டமே செய்தது. வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைச் சென்ற இரண்டு வருஷங்களுக்குப் படித்தால், இணைப்புப் பேச்சு உண்டா என்பது தெரிந்துவிடும். வாரத்தில் நான்கு நாட்களே பள்ளி என்ற ஏற்பாடு வருமா என்பதும் அங்கேதான் தெரியும்; கொலராடோவில் பாதிக்கு மேற்பட்ட மாவட்டங்கள் அவ்வாறே நடக்கின்றன. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம், ஐந்தாம் நாள் குழந்தை யாரிடம் இருக்கும் என்பதை வீடு பிடிக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.