லிமிட்டை அணைத்துவிடலாமா?

கேள்வி: மரவேலைக்குச் சின்ன சிஎன்சி ரவுட்டர் வைத்திருக்கிறேன், ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர். ஹோமிங் சரியாக முடிகிறது. ஆனால் வேலையைத் தொடங்கியதும் 'அலாரம் 2' வந்து நின்றுவிடுகிறது. சாஃப்ட் லிமிட்டை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மெஷின் உண்மையைத்தான் சொல்கிறது. அலாரம் 1 என்றால் லிமிட் சுவிட்ச் தட்டுப்பட்டிருக்கிறது (ஸ்பிண்டில் வயரின் இரைச்சலாலும் வரும்). மறுபடி ஹோமிங் செய்தே ஆக வேண்டும். அலாரம் 2 அப்படியல்ல. போகச் சொன்ன இடம் எல்லைக்கு வெளியே இருப்பதால் நின்றுவிட்டது. இருக்கும் இடம் அதற்கு மறக்கவில்லை; பூட்டை விடுவித்தால் போதும்.

முதலில் இசட் அச்சைப் பாருங்கள். பெரும்பாலும் வில்லன் அங்கேதான். இதில் ஹோம் மேலே, எண்கள் கீழ்நோக்கி மைனஸில் ஓடும். தடித்த பலகையின் மேற்பரப்பு, மெஷின் கணக்கில் மைனஸ் 12 மி.மீ. என்று வையுங்கள். உங்கள் கேம் மென்பொருளில் பாதுகாப்பு உயரம் 15 மி.மீ. ஆக, டூல் ப்ளஸ் 3-க்கு ஏற வேண்டும். அப்படி ஓர் இடமே கிடையாது! உயரத்தை 5 ஆகக் குறையுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால் $130, $131, $132 அளவுகளை (எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் அதிகபட்ச நகர்வு) பாருங்கள். பலருடைய மெஷினில் ஆரம்பத்தில் வந்த 200 மி.மீ. அப்படியே கிடக்கும். ஹோமிலிருந்து மெதுவாக மறுமுனைவரை நகர்த்தி அளந்து, 2 மி.மீ. குறைத்துப் போடுங்கள்.