ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால்

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீபுரந்தான். அங்கே சிவன் கோயிலில் திருடுபோன நடராசர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014இல் நாடு திரும்பினார். இந்தத் திருட்டின் பின்னணியில் இருந்த கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, மறு ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் சிலை வழக்கில் கும்பகோணம் கோர்ட் அவருக்குப் பத்தாண்டு கொடுத்தது 2022 நவம்பர் 1இல்தான். பிடிபட்டதற்கும் தீர்ப்புக்கும் நடுவே பதினோரு ஆண்டு!

நம் வீட்டுக்கு வருவது சிலை கேஸ் இல்லை. கொள்ளிட மணல், வரப்புத் தகராறு, திருவிழா அடிதடி என்று வரும். ஆனாலும் கொலை முயற்சி என்றோ வன்கொடுமைச் சட்டம் என்றோ பிரிவு ஏறிவிட்டால் கோர்ட் வாசல் பல வருஷத்துக்குப் பழகிவிடும்.

செய்ய வேண்டியவை

• முதலில் எப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்குங்கள். எந்தப் பிரிவு என்று தெரியாமல் ஊரார் சொல்லும் யோசனை எதுவும் உதவாது. வெளியிடத் தகாத சில வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது.

• ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால், நேரே கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவதுதான் பொதுவான முறை. வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போய் ஆஜராகுங்கள். சென்னைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறினால் அதுவே கைதுக்குக் காரணமாகும்.

• கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடி வாங்கியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். பிறகு சொன்னால் "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வி.

• வக்கீல் வைக்கக் காசில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்யலாம்.

• முன்ஜாமீன் அரியலூரில் கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றம். திருச்சிக்காரர் மதுரைக்குப் போவார், நமக்குச் சென்னைதான். வன்கொடுமைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது.

• ரிமாண்டிலிருந்து நாளை எண்ணுங்கள். குற்றத்துக்குத் தக்கபடி 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. தாமதித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

செய்யக்கூடாதவை

• வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீசிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது என்பது சரிதான். ஆனால் நீங்கள் காட்டிய இடத்தில் அரிவாள் கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு உங்கள் பேச்சு கோர்ட்டில் ஏறும்.

• வாய்தாவைத் தவறவிடாதீர்கள். பிடிவாரண்ட் வந்தால் ஜாமீன்தாரரும் சேர்ந்து சிக்குவார்.

• "ஒத்துக்கோப்பா, அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போ" என்பதை நம்பித் தலையாட்டாதீர்கள். சீட்டாட்டமோ குடித்துவிட்டுப் போட்ட சண்டையோ, ஒப்புக்கொண்டு கட்டிய சில நூறு ரூபாயும் தண்டனைதான். அபராத ரசீதோடு தொலைந்தது என்று வந்தவருக்கு, அரசு வேலைக்கு எழுதும்போதுதான் அது மறுபடி நினைவுக்கு வரும்.

• சாட்சியைக் கலைக்காதீர்கள். நம் பக்கத்தில் இதற்குப் பெயர் "பேசி முடிப்பது". பிறழ்சாட்சியால் விடுதலையும் கிடைக்கும்தான். ஆனால் தமிழ்நாட்டுக் காவலர் பணி விதியில் சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர். வீட்டில் போலீஸ் வேலைக்குக் கனவு காணும் பையன் இருந்தால், குறுக்கு விசாரணையில் ஜெயித்து "குற்றமற்றவர்" என்று எழுதவைப்பதற்கே வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள்.

• விண்ணப்பப் படிவத்தில் வழக்கை மறைக்காதீர்கள். மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அற்ப வழக்கை மன்னிக்கவும் அதே தீர்ப்பில் இடமிருக்கிறது.

• மணல் கேஸ்தானே என்று இளக்காரமாக இருக்காதீர்கள். மணல் கடத்தலுக்கும் குண்டாஸ் உண்டு. தண்டனை இல்லாமலே பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

தண்டனை விழுந்துவிட்டால்

அப்பீலுக்கு மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் 30 நாள், செஷன்ஸ் தீர்ப்பென்றால் 60 நாள். விசாரணைக் கைதியாகக் கழித்த நாளைத் தண்டனையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் குற்றம், வயது இருபத்தொன்றுக்குள் என்றால் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தை வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள். அதில் விடுவிக்கப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போக நினைப்பவர் கவனிக்க: ஒழுக்கக்கேடான குற்றத்தில் ஈராண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் ஐந்தாண்டுக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வழக்கு நடக்கும்போதே வேண்டுமானால் அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். ஈராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், சிறையில் இருக்கும் காலமும் வெளியே வந்தபின் ஆறாண்டும் சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது.

விடுதலையோ தண்டனையோ, தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, ஒன்றை ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் வையுங்கள். இன்னொன்றைப் பெட்டியில் பூட்டி, எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.